ஒரே அலை, இரண்டு முகாம்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பேரில் பேசும்போது இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். 1906இல் இந்தத் துறைமுகத்தில்தான் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டு, 1907இல், சென்னையில் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' பிறந்தது. இங்கே 'சுதேசி' என்று எழுந்த குரலைப் பண்டிதர் அங்கிருந்து சந்தேகத்தோடு பார்த்தார். சாதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றுமை பேசுகிறவர்களை அவர் நம்பவில்லை. 1911இல் இங்கே பக்கத்தில் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது, நாடு ஒரு பக்கம் நின்று அதைப் பார்த்தது, பண்டிதர் இன்னொரு பக்கம் நின்று பார்த்தார். இதற்காக அவரை இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. திட்டட்டும். 'நாம்' என்று யாராவது சொன்னால், அந்த 'நாம்'க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை அவரிடமிருந்துதான் நாங்கள் கற்றோம். அந்தப் பழக்கத்தோடுதான் இன்றைய கேள்விக்கு வருகிறோம்.

பெரிய துயரம் ஒன்று வந்தால் பிரிந்து கிடக்கும் தேசம் ஒன்றாகிவிடும் என்கிறார்கள். நிலநடுக்கம் வந்தாலும், வெள்ளம் வந்தாலும், எல்லையில் படைவீரர் இறந்தாலும் மறுநாள் செய்தித்தாளில் அதே வாக்கியம் வருகிறது: 'சாதி மத பேதமின்றி மக்கள் ஒன்று திரண்டனர்.' இது எவ்வளவு தூரம் உண்மை? உண்மையாக இருக்கும் இடங்களில் அது எத்தனை நாள் நிற்கிறது?

எங்கள் சீமையிலேயே பெரிய மனிதர் ஒருவர் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார். 1934 ஜனவரி 15இல் பிகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஒன்பது நாள் கழித்து, 'அரிஜன' சுற்றுப்பயணத்தில் திருநெல்வேலிப் பக்கம் வந்திருந்த காந்தி, இது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசினார். தாகூருக்கு அது பொறுக்கவில்லை. இயற்கையின் செயலுக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று எழுதினார். காந்தி அதைத் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டு, தம் கருத்தில் உறுதியாக நின்று பதிலும் எழுதினார். பள்ளிப் புத்தகத்தில் இது இரண்டு பெரியவர்களின் கண்ணியமான விவாதமாகத்தான் வரும். எங்களுக்கு வேறொரு கேள்வி. பிகாரில் இடிந்து விழுந்த மண்சுவருக்கு அடியில் தீண்டப்படாதவர்களும் செத்தார்கள்தானே? அவர்கள் யார் செய்த பாவத்துக்குச் செத்தார்கள்? நல்ல நோக்கத்தோடு பேசும்போதுகூட, செத்தவர்களை எண்ணும் கணக்கில் எங்களைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். காந்தியின் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. இந்த மறதி பின்னாலும் வரப்போகிறது, அதனால் சொல்கிறோம்.

இனி 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. தூத்துக்குடிக் கரைக்கு அன்று பெரிய சேதமில்லை. இலங்கை குறுக்கே கிடந்து அலையை வாங்கிக்கொண்டது. மன்னார் வளைகுடாத் தீவுகளும் பாறைகளும் காத்தன என்று எங்கள் கடலோடி அண்ணன்மார் சொல்வார்கள். (அந்தப் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றதும் இதே கரைதான், அது தனிக் கதை.) தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும்.

ஜனவரி முதல் வாரத்தில் நாங்கள் லாரி ஒன்றை ஏற்பாடு செய்தோம். மாணவர்கள், உப்பளத்துப் பிள்ளைகள், ஓரிரு ஆசிரியர்கள் என்று பதினைந்து பேர். அரிசி, பாய், போர்வை, மண்ணெண்ணெய் ஸ்டவ். வழி நெடுக லாரிகள், ஊர் ஊராகப் பேனர் கட்டியவை. சாயங்காலத்தில் டீக்கடையில் நிறுத்தினால் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். எங்களுக்கு அன்று மெய்சிலிர்த்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. சமூகவியல் வகுப்பில் டூர்கைம் சொன்ன கூட்டுணர்வை நேரில் பார்க்கிறோம் என்று ஒரு தோழன் சொன்னான்.

போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் பெரிய முகாம். அங்கே இருந்தவர்கள் மீனவர்கள். அவர்களுடைய ஊர்ப் பஞ்சாயத்தார் நோட்டு வைத்து, வீட்டுவாரியாகப் பெயர் எழுதி, வந்த பொருளை ஒழுங்காகப் பிரித்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்து நாங்கள் பாராட்டவும் செய்தோம். லாரியில் முக்கால்வாசியை அங்கேயே இறக்கிவிட்டோம். திரும்பும்போது ரோட்டோரப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் சிலர் நிற்பதைப் பார்த்து நிறுத்தினோம். அது இரண்டாவது முகாம். காலனிக்காரர்கள். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த அவர்கள் தெருவுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. வயலில் கூலி வேலை, நண்டு பிடிப்பது, கருவாடு வாங்கி விற்பது என்று பிழைத்தவர்கள். முதல் நாள் அவர்களும் மண்டபத்துக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் 'ஒங்களுக்கு வேற எடம் பாத்துக்குங்க' என்ற பேச்சு வந்திருக்கிறது. தண்ணித் தொட்டியில் முதலில் யார் குடம் வைப்பது என்பதில் தொடங்கியதாம். வயதான அம்மா ஒருவர் எங்களிடம் சொன்னார்: "தம்பி, எங்க பேரு எந்த நோட்டுலயும் இல்ல. நீங்களாச்சும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போங்க."

எங்களிடம் நோட்டும் இருந்தது, பேனாவும் இருந்தது. லாரியில் பொருள்தான் மீதி இல்லை.

இது ஒரு ஊரின் கதை என்றால் விட்டுவிடலாம். அந்த நாட்களில் வந்த பத்திரிகைச் செய்திகளிலும், பின்னர் வந்த உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளிலும் இதே காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தன: முகாமில் இடமில்லை, தண்ணீர்த் தொட்டியைத் தொடக் கூடாது, நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை. பழவேற்காட்டிலிருந்து நாகை வரை இருளர் குடும்பங்கள் இதைவிட மோசமாக விடுபட்டன.

இதற்குக் காரணம் மீனவர்களின் கெட்ட மனசு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் அப்படிப் பேசுவது அநியாயம். மீனவர்களையும் கரைக்கு உள்ளே இருக்கிற சாதிகள் மதித்ததில்லை. காரணத்தை இழப்பை அளந்த முறையில்தான் தேட வேண்டும். அரசும் தொண்டு நிறுவனங்களும் சேதத்தைப் படகாக, வலையாக, எஞ்சினாக எண்ணின. உப்பேறிப்போன வயலுக்கு இழப்பீடு என்றால் அது பட்டாதாரருக்கு. அந்த வயலில் நடவு நட்ட பெண்ணுக்கு இரண்டு மூன்று வருடம் வேலை போச்சு. அது எந்தப் படிவத்திலும் பத்தி ஆகவில்லை. எதுவும் சொந்தமாக இல்லாதவர் எதையும் இழக்கவில்லை என்று காகிதம் சொன்னது. அதோடு நிவாரணம் ஏற்கெனவே அமைப்பாக இருந்த ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போனது, ஏனென்றால் அதுதான் சுலபம். பஞ்சாயத்துக்குள் எங்கள் ஆட்கள் எப்போதும் இருந்ததில்லை. பேரிடர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே வெட்டியிருந்த வாய்க்காலிலேயே பாய்ந்தது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இது எங்கள் மேலேயே வரும் குற்றச்சாட்டு. நாகப்பட்டினத்தில் அந்த ஆயிரக்கணக்கான உடல்களை எடுத்தது யார்? பல நகராட்சிகளிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் அருந்ததியர்கள். சொந்த உறவினரே நெருங்க முடியாத நிலையில் இருந்த உடல்களைச் சரியான கையுறையும் முகமூடியும் இல்லாமல் நாள் கணக்கில் தூக்கினார்கள். 'தேசம் ஒன்று திரண்டது' என்ற படத்தில் அவர்கள் எங்கே? நாங்கள் அன்று அவர்களைப் பார்த்தோம். பேருந்து நிலையம் பக்கத்தில் நடைபாதையில் பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் லாரியில் போன பதினைந்து பேரும் தலித்துகள் அல்லது தலித் அரசியல் பேசுகிறவர்கள். ஒருவரும் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை. அன்று இரவு எழுதிய அறிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. காலனி நோட்டில் இல்லை என்று கோபப்பட்ட நாங்கள், எங்கள் நோட்டில் அவர்களை எழுதவில்லை. இருபது வருடமாகியும் இது உறுத்துகிறது.

பிரெஞ்சு அறிஞர் ரெனான் 1882இல் 'தேசம் என்றால் என்ன' என்று பேசினார். சேர்ந்து அனுபவித்த மகிழ்ச்சியைவிடச் சேர்ந்து அனுபவித்த துன்பம்தான் மக்களை அதிகம் பிணைக்கிறது என்பது அவர் கருத்து. பாபாசாகேப் அந்த ரெனானைப் படித்து, பாகிஸ்தான் பற்றிய தம் நூலில் பயன்படுத்தினார். ஆனால் இந்தியச் சமூகத்தைப் பற்றி அவர் அதற்கு முன்பே, 1936இல், 'சாதி ஒழிப்பு' நூலில் கூர்மையான ஒன்றைச் சொல்லியிருந்தார். இந்து முஸ்லிம் கலவரம் நடக்கும்போது தவிர, ஒரு சாதிக்கு இன்னொரு சாதியோடு சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை என்று. மாணவர்கள் இதை ரெனானுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துன்பம் பிணைக்கும்தான். ஆனால் 'சேர்ந்து' அனுபவித்திருக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே கரையில் அனுபவிப்பதும் சேர்ந்து அனுபவிப்பதும் ஒன்றில்லை. சேர்ந்து அனுபவிக்காத இடத்தில் ஒற்றுமையை வரவழைக்க எதிரி ஒருவன் தேவைப்படுகிறான்.

2001 ஜனவரி 26இல் குஜராத்தின் கட்ச் நிலநடுக்கம். கிட்டத்தட்ட 20,000 பேர் செத்தார்கள். அப்போதும் நாடே அழுதது, அப்போதும் சாதிவாரியாக, மதவாரியாக முகாம்கள் பிரிந்தன. அடுத்த வருடம் அதே மாநிலத்தில் என்ன நடந்தது என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. எல்லை மரணங்களையும் இப்படித்தான் பார்க்கிறோம். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 ரிசர்வ் போலீஸ் படையினர் இறந்தபோது கயத்தாறு பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கும் உடல் வந்தது, மாவட்டமே திரண்டு போனது. ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பு, 2016 ஜூனில், காஷ்மீரின் பாம்பூரில் அதே படையைச் சேர்ந்தவர் இறந்து, உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்துச் சொந்த ஊருக்கு உடல் வந்தபோது, அவர் தாழ்த்தப்பட்ட நட் சாதிக்காரர் என்பதால் பொது நிலத்தில் தகனம் செய்ய மேல்சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதிகாரிகள் போய்ப் பேசிச் சிறு துண்டு நிலம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. தேசியக்கொடி போர்த்திய பெட்டிக்கே அந்த நிலை.

இப்போது நம் கடலுக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். அதே அலை இலங்கையில் 30,000 பேருக்கு மேல் கொன்றது. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் செத்தார்கள். முதல் வாரத்தில் சிப்பாயும் போராளியும் ஒருவருக்கொருவர் உதவியதாகச் செய்திகள் வந்தன. இனிப் போர் வராது என்று இங்கே நாங்களும் நம்பினோம். நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூன் 24இல் அரசும் புலிகளும் ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம் செய்தார்கள். அது கையெழுத்தாகும் முன்பே ஜே.வி.பி. அரசிலிருந்து வெளியேறியது. கிழக்கில் பேரிழப்பைச் சந்தித்த முஸ்லிம்களைக் கையெழுத்துப் போடக் கூப்பிடவே இல்லை. ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. 2006இல் மறுபடியும் போர். அது எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே அலை இந்தோனேசியாவின் ஆச்சேயில் இதைவிடப் பல மடங்கு பேரைக் கொண்டுபோனது. அங்கேயும் முப்பது வருடப் போர். ஆனால் 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் அமைதி ஒப்பந்தம் ஆனது, இன்றுவரை நிற்கிறது. சுனாமி மனசை மாற்றியது என்று இதைக் கதையாகச் சொல்வார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் வேறு தெரியும்: ஆச்சேக்குத் தன்னாட்சி, உள்ளூர்க் கட்சிகளுக்கு அனுமதி, இயற்கை வளத்தின் வருமானத்தில் 70 விழுக்காடு ஆச்சேக்கே. அதோடு, பேச்சுக்கான இரகசிய முயற்சிகள் அலைக்கு முன்பே தொடங்கியிருந்தன. அலை கதவைத் திறந்திருக்கலாம். உள்ளே வைக்கப் பங்கு இருந்தது, அதனால் கதவு திறந்தே நின்றது. இலங்கையில் பங்கு பற்றிய பேச்சு வந்ததுமே கதவு சாத்தப்பட்டது.

சரி, இந்த ஊரில்? 2018 மே 22. இந்த அரங்கில் அந்த நாளைப் பற்றிப் பேசுவது கஷ்டம், ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அன்று கலெக்டர் அலுவலகச் சாலையில் இருந்தவர்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்பின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் துப்பாக்கிக் குண்டுக்கு 13 பேர் பலியானார்கள். பல சாதி, இரண்டு மதம், பள்ளிப் படிப்பை முடித்த பெண்பிள்ளையிலிருந்து நடுவயதுக்காரர்கள் வரை. திரேஸ்புரத்தில் வீட்டுப் பக்கத்தில் வைத்தே ஒரு தாய் சுடப்பட்டார். அந்த நாட்களில் இந்த ஊரில் இருந்த ஒற்றுமையை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. நாங்கள் கண்ணால் பார்த்தது.

ஆனால் அது சாவிலிருந்து பிறந்ததா? பிப்ரவரியில் குமரெட்டியாபுரத்து மரத்தடியில் உட்கார்ந்தவர்கள், பிறகு சேர்ந்துகொண்ட கடற்கரை ஊர்கள், கடையடைத்த வியாபாரிகள், கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் நூறு நாள் ஒருவர் பந்தலுக்கு ஒருவர் போய், சோறு சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகிச் சேர்த்த ஒற்றுமை அது. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரு பேச்சு உண்டு. கடலுக்கு அடியில் போகிறவனின் கயிற்றை மேலே தோணியில் பிடிப்பது அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன், மச்சான். அக்காவையோ தங்கச்சியையோ தாலியறுக்க விடமாட்டான், அதனால். மூச்சு முட்டிய பிறகு 'யார் கயிறு பிடிக்கிறீர்கள்' என்று கேட்க முடியாது, குதிப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு இல்லை, பேச்சு மட்டும் மிச்சம். அதிலும் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, கவனித்தீர்களா? சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்கிற ஊரில், வேறு சாதிக்காரன் எப்படி மச்சான் ஆவான்?

அந்த ஒற்றுமையால் ஆலை மூடப்பட்டது. மூடியதை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அது பெரிய வெற்றி. சுட்டவர்கள் விஷயத்தில்? நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் 17 பேர் மீதும், அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இறந்தவர்களின் வீட்டார் இன்னும் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். சாதி விஷயத்தில்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். 2025 ஜூலையில் எங்கள் மாவட்டத்து இளைஞன், ஐ.டி. வேலை பார்த்தவன், பாளையங்கோட்டையில் ஆணவக் கொலை செய்யப்பட்டான். மே 22இல் ஒன்றாக ஓடிய அதே சீமை இது.

நாங்குநேரிக்கு நான்கு மாதம் கழித்து வந்தது 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சோறு பொங்கினார்கள். யாருக்கு என்ன சாதி என்று கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனசு இந்த மண்ணில் இருக்கிறது, அதைக் கேலி செய்கிற அரசியல் எங்களுக்கு வேண்டாம். டெல்லியில் அப்போது வேறு விவாதம்: 'தேசியப் பேரிடர்' என்று அறிவிக்கும் நடைமுறையே கிடையாது என்றார் நிதியமைச்சர். எங்களுக்கு அந்தப் பட்டத்தைவிட உள்ளூர்க் காகிதம்தான் கவலையாக இருந்தது. மாநில அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது, ரேஷன் அட்டை வழியாக. நாங்கள் போன சில குடியிருப்புகள் குளத்தின் மறுகால் பாயும் பள்ளத்தில் இருந்தன, ஏனென்றால் அந்தக் காலத்தில் அங்கேதான் இடம் கொடுத்தார்கள். அங்கே ஒரு அட்டையில் மூன்று குடும்பம். உப்பளம் முழுகியதில் இழப்பு யாருக்கு என்றால் குத்தகைக்காரருக்கு. உப்பு வாரும் பெண்ணுக்குப் போன கூலி மறுபடியும் பத்தி இல்லாத இழப்பு. பத்தொன்பது வருடம் கழித்து, நாகப்பட்டினத்து அம்மா சொன்ன அதே நோட்டு.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மாறியிருக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருடம் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இயற்றியது. அதன் 61ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நாட்டில் துயரம் வந்ததும் எல்லோரும் தானாக ஒன்றாகிவிடுவார்கள் என்றால் இந்தப் பிரிவை எழுதியிருக்கத் தேவையில்லை. இங்கே இருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும்? கை தூக்குங்கள். ஆறு பேர். தாலுகா அலுவலகத்தில் கேட்டாலும் இந்த எண்ணிக்கைதான் வரும்.

மன்றத்துக்கு எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு, தலைவரிடம் முன்பே சொல்லிவிட்டோம். ஐப்பசி மழைக்கு முன்னால், மாவட்டத்தில் மறுகால் ஓரமும் ஆற்றோரமும் அளத்தோரமும் இருக்கிற குடியிருப்புகளுக்குப் போய், அட்டை இருக்கிறதோ இல்லையோ, வீட்டுவாரியாகப் பெயர் எழுதப் போகிறோம். யார் என்ன வேலை செய்கிறார், தினக்கூலி எவ்வளவு, மழையில் எத்தனை நாள் வேலை போகும் என்று. அருந்ததியர் குடியிருப்புகளில் தொடங்குகிறோம். எழுதியதை 61ஆம் பிரிவின் நகலோடு சேர்த்துக் கலெக்டரிடமும் ஊராட்சிகளிடமும் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். ஒரு பிரதி கடற்கரை ஊர்க் கமிட்டிகளுக்கும் போக வேண்டும், அவர்களையும் கூட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இரண்டு ஊர் சரி என்று சொல்லியிருக்கிறது, ஒரு ஊர் யோசித்துச் சொல்கிறோம் என்றது. வெளியே மேசையில் நோட்டு வைத்திருக்கிறோம். வர முடிகிறவர்கள் பெயரும், எந்த ஞாயிறு வர முடியும் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள்.